நகப்பூச்சு வாங்கும் முன்: போத்தலையும் பாருங்கள், நகத்தையும் பாருங்கள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் சிறிய அழகுக்கலை நிலையம் ஒன்றை நடத்துகிறேன். முடி வெட்டுவது, புருவம் திருத்துவது, மணப்பெண் அலங்காரம், நகப்பூச்சு என்று எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். கடந்த வருடம் வைகாசி முடிந்த கையோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்:

“பாத்தாத் தெரியாத மாதிரி ஒரு கியூடெக்ஸ் இருக்கோ பிள்ளை?”

அவரது கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். பொட்டும் பூவும் இல்லாமல் இத்தனை வருடங்களைக் கழித்த பெண் நகத்துக்கு நிறம் பூசினால் ஊர் என்ன கதைக்கும் என்ற பயம் ஒருபக்கம். மணவறைக்குப் பக்கத்தில் நின்று நூறு பேருக்குக் கை கொடுக்கும்போது அந்த நகங்களை அப்படியே காட்ட மனமில்லை என்பது மறுபக்கம். வலது கை நடுவிரலில் ஷெல் துண்டு பட்ட இடத்தில் நகம் இரண்டாகப் பிளந்தே வளர்கிறது. மற்ற நகங்கள் மெலிந்து, நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தன. வீட்டிலிருந்த பழைய சிவப்புப் பூச்சின் மஞ்சள் கறை வேறு.

அந்த அம்மாவுக்கு அன்று சொன்னவற்றையும், அதற்கு முன்னர் பல வருடங்கள் தெரியாத்தனமாக நான் செய்த பிழைகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பேரின் கைகளைப் பிடித்துப் பார்க்கும் தொழில் என்னுடையது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

“கெமிக்கல் இல்லாத கியூடெக்ஸ் தாங்கோ” என்று கேட்பவர்கள் அதிகம். அப்படி ஒன்று இல்லை. சாதாரண நகப்பூச்சில் படலமாகப் படிவது நைத்திரோசெலுலோசு என்ற பொருள். பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. நைத்திரேற்றின் அளவு கூடிய இதன் வடிவங்களைத்தான் துப்பாக்கிக் குண்டுகளையும் ஷெல்களையும் தள்ளிவிடும் வெடிமருந்தில் பாவிக்கிறார்கள். இதை முதன்முதலில் அறிந்த அன்று கையிலிருந்த போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகப்பூச்சில் இருப்பது வெடிக்கும் வகை அல்ல. என்றாலும் எளிதில் தீப்பற்றும். குப்பி விளக்கு, நுளம்புச் சுருள், அடுப்பு இருக்கும் இடத்தில் போத்தலைத் திறக்க வேண்டாம்.

இந்தப் பொருளைக் கரைத்து வைத்திருக்க எதைல் அசெற்றேற்று, பியூற்றைல் அசெற்றேற்று போன்ற கரைப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. மூக்கில் ஏறும் அந்த வாசம் இவற்றுடையது. பூச்சு நகத்தில் ஒட்டிப் பளபளக்க ஒரு பிசின், வெடித்து உதிராமல் வளைந்துகொடுக்க ஒரு மென்மையாக்கி, பிறகு நிறமூட்டி. இவ்வளவுதான் உள்ளே. எந்தக் கரைப்பான், எந்தப் பிசின், எந்த மென்மையாக்கி என்பதில்தான் நல்ல போத்தலுக்கும் கெட்ட போத்தலுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

நீண்ட காலமாகக் குற்றஞ்சாட்டப்பட்டவை மூன்று. முதலாவது ரொலுயீன் என்ற கரைப்பான். காற்றோட்டமில்லாத அறையில் தொடர்ந்து சுவாசித்தால் தலைவலி, தலைச்சுற்று வரும். அதிக அளவு கருவிலுள்ள பிள்ளைக்குக் கேடு. இரண்டாவது போமல்டிஹைட். முக்கியமாக, நகத்தைக் கடினமாக்கும் பூச்சுகளில் இருக்கும். மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை வைத்திருக்கிறது. நகத்தை உறுதியாக்குகிறேன் என்று பூசப்போய், சில வாரங்களில் நகம் கண்ணாடி போல முறிவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது டைபியூற்றைல் தலேற்று என்ற மென்மையாக்கி. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் அழகுசாதனப் பொருள்களில் இதைத் தடை செய்தது.

இந்த மூன்றும் இல்லை என்பதைக் காட்டத்தான் போத்தல்களில் ‘3-ஃப்ரீ’ என்று போடத் தொடங்கினார்கள். பிறகு 5, 7, 10 என்று எண் ஏறிக்கொண்டே போனது. எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் இந்த எண்களுக்குப் பொதுவான சட்ட வரைவிலக்கணம் இல்லை. ஒரு கொம்பனி சொல்லும் பத்தும் இன்னொரு கொம்பனி சொல்லும் பத்தும் ஒன்றல்ல. 2012 இல் கலிபோர்னியா அரசின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் திணைக்களம் நகப்பூச்சு நிலையங்களுக்கு விற்கப்பட்ட 25 பொருள்களை ஆய்வுகூடத்தில் சோதித்தது. ரொலுயீன் இல்லை என்று எழுதியிருந்த 12 இல் 10 இல் ரொலுயீன் இருந்தது.

டைபியூற்றைல் தலேற்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எதைப் போட்டார்கள் என்பதும் முக்கியம். பல கொம்பனிகள் போட்டது ட்ரைபினைல் பொஸ்பேற்று. பிளாஸ்ரிக்கில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். உடலின் ஓமோன்களைக் குழப்பக்கூடும் என்ற சந்தேகம் இதன்மீது உண்டு. 2015 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு சுற்றாடல் அமைப்பும் சேர்ந்து 26 பெண்களைச் சோதித்தார்கள். நகப்பூச்சுப் பூசி 10 முதல் 14 மணித்தியாலங்களின் பின்னர், அந்தப் பொருள் உடலில் உடைந்து உண்டாகும் எச்சம் சிறுநீரில் ஏறத்தாழ ஏழு மடங்காகியிருந்தது. கையுறை அணிந்து, கையுறைக்கு மேல் ஒட்டிய செயற்கை நகங்களில் பூசியபோது அப்படி ஏறவில்லை. அதாவது, மூக்கால் மட்டுமல்ல, நகத்தாலும் அதைச் சுற்றியுள்ள தோலாலும் அது உள்ளே போகிறது. மாதம் ஒருமுறை பூசுபவர் இதற்காகப் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் கர்ப்பிணிகளும், விரல் சூப்பும் சின்னப் பிள்ளைகளும், என்னைப் போல நாள் முழுக்க இதற்குள் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

இனி, கடையில் நின்று பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். உள்ளடக்கப் பட்டியல் அச்சிடப்படாத போத்தலை வாங்கவே வேண்டாம். சந்தையில் பெட்டிக்குள் கொட்டி வைத்து விற்பவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. போத்தல் சின்னது என்பதால் பட்டியல் மட்டையிலோ அடி ஸ்ரிக்கரை உரித்தால் உள்ளேயோ இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர், விலை, காலாவதித் திகதி இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த டப்பாவின் படத்துக்குள் 12 எம் அல்லது 24 எம் என்று இருந்தால், திறந்த பின் அத்தனை மாதங்கள் பாவிக்கலாம் என்று அர்த்தம். மேலே சொன்ன நான்கு பெயர்களும் இல்லாமல், மென்மையாக்கியாக அசெற்றைல் ட்ரைபியூற்றைல் சிற்றேற்று இருந்தால் நான் எடுப்பேன். சில பூச்சுகளில் கற்பூரமும் இருக்கும். சிலருக்கு அதுவே எரிவைத் தரும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சுகளில் வாசம் மிகக் குறைவு. ஆனால் இரண்டு நாள் பாத்திரம் கழுவினால் உரிந்துவிடும். ஒரு நாள் விசேஷத்துக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அதுவே நல்லது.

ஏமாற்றியதாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 

‘மருதோண்டி போட்டால் ஒரு கேடும் இல்லைத்தானே’ என்று அடுத்த கேள்வி வரும். வீட்டு வேலியில் நிற்கும் இலையைப் பறித்து அரைத்துப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நகத்தில் பிடித்த செம்மஞ்சள் நிறம் நகம் வளர்ந்துதான் போகும். ஆனால் அரை மணித்தியாலத்தில் கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதோண்டி’ வேறு சாமான். முடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருளை அதில் கலக்கிறார்கள். தோல் கொப்பளித்துத் தழும்பு விழுந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க முடிச் சாயமும் ஒத்துவராமற் போகலாம்.

ஜெல்லில் நான் பட்டது

2018 வாக்கில் ஜெல் பூச்சு எங்கள் பக்கமும் பரவத் தொடங்கியது. ஒரு விளக்குக்குள் கையை வைத்தால் ஒரு நிமிடத்தில் இறுகிவிடும், இரண்டு கிழமைக்கு அசையாது. மணப்பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். முகநூல் விளம்பரத்தைப் பார்த்து ஒரு பெட்டியை வரவழைத்தேன். பட்டியலும் இல்லை, செய்முறையும் இல்லை. நானே பார்த்துப் பழகினேன். மூன்றாவது மாதம் என் பெருவிரல், சுட்டுவிரல் நுனிகள் கடிக்கத் தொடங்கின. பிறகு தோல் தடித்து வெடித்தது. கண் இமையும் வீங்கியது. சவர்க்காரம் ஒத்துவரவில்லை என்று நினைத்து மூன்று சவர்க்காரங்களை மாற்றினேன். தோல் கிளினிக்கில் வைத்தியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஜெல் பூசுறனீங்களோ?”

ஜெல் என்பது அக்ரிலேற்றுகள் என்ற பொருள்களின் கலவை. விளக்கின் கதிர் பட்டதும் இவை ஒன்றோடொன்று கோத்துக் கடினமாகின்றன. சரியாக இறுகிவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. விளக்குப் பொருந்தாவிட்டாலோ, பூச்சுத் தடித்தாலோ, ஓரத்தில் தோலில் பட்டாலோ இறுகாத அக்ரிலேற்று தோலுக்குள் போய் ஒவ்வாமையை உண்டாக்கும். ஹீமா என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒன்று இதில் பேர்போனது. பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் 2018 இல், முக்கியமாக வீட்டில் பாவிக்கும் ஜெல் பெட்டிகள் பற்றி, எச்சரிக்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் ஹீமா உள்ள நகப்பூச்சைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பாவிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. விளக்கில் இறுகச் செய்யும் ரி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளை 2025 செப்ரெம்பர் 1 முதல் முற்றாகவே தடை செய்துவிட்டது. அங்கே விற்க முடியாமற் போன சரக்கு எங்கே போகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒவ்வாமை வந்தால் போகாது. இதைத்தான் எங்கள் மக்கள் முக்கியமாக அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். அக்ரிலேற்றுகள் நகப்பூச்சில் மட்டும் இல்லை. பல் அடைக்கும் பொருளில் இருக்கின்றன. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் எலும்போடு ஒட்டும் சீமெந்தில் இருக்கின்றன. செயற்கைக் கால்களின் குழியைச் செய்யவும் அக்ரிலிக் பிசின் பாவிக்கப்படுகிறது. காலை இழந்த ஒருவர், ஐந்நூறு ரூபா ஜெல்லினால் ஒவ்வாமை பெற்று, பிறகு தன் செயற்கைக் காலே தோலில் கடிக்கும் நிலைக்கு வரக்கூடாது. செயற்கை அவயவம் பாவிப்பவர்கள் என் கடைக்கு வந்தால் ஜெல் வேண்டாம் என்றே சொல்கிறேன். சாதாரண பூச்சில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்படியும் ஜெல் பூசத்தான் வேண்டும் என்றால் பயிற்சி உள்ள ஒருவரிடம் போங்கள். ஜெல்லும் விளக்கும் ஒரே கொம்பனியுடையதா என்று கேளுங்கள். தோலில் பட்டதை விளக்குக்குள் வைக்கும் முன்பே துடைக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும் கையுறை அணிந்தால் கதிர் தோலில் படுவது குறையும். 2023 இல் கலிபோர்னியாவில் இந்த விளக்கின் கதிரை ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் பாய்ச்சியபோது அவற்றின் டிஎன்ஏ பழுதானது. கலத்தில் நடந்தது கையிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கையுறைக்குப் பெரிய செலவில்லை. கிளம்பிய ஜெல்லை உரிக்கவே வேண்டாம். நகத்தின் மேற்படையும் கூடவே வந்துவிடும். அசெற்றோனில் நனைத்த பஞ்சை வைத்துக் கால் மணித்தியாலம் பொறுத்திருங்கள், தானாக நெகிழும்.

போரில் வந்தவர்கள் செய்த தொழில்

அமெரிக்காவில் நகப்பூச்சுத் தொழிலில் இருப்பவர்களில் மிகப் பலர் வியட்நாமியர். அதன் தொடக்கம் ஓர் அகதி முகாம். 1975 இல் சைகோன் வீழ்ந்த பின் கலிபோர்னியாவின் சக்ரமெந்தோ நகருக்கு அருகே ஒரு முகாமில் இருந்த பெண்களுக்கு என்ன தொழில் பழக்கலாம் என்று ஹொலிவூட் நடிகை ரிப்பி ஹெட்ரென் யோசித்தார். அவர்கள் அவரது நகங்களையே வியந்து பார்ப்பதைக் கண்டு, தன் நக அலங்காரக்காரியைக் கூட்டிவந்து இருபது பெண்களுக்குப் பழக்குவித்தார். அதிகம் ஆங்கிலம் தேவையில்லை, சில மாதங்களில் கற்கலாம், சிறு முதலோடு கடை போடலாம். அந்த இருபது பேரிலிருந்து ஒரு தொழிலே வளர்ந்தது.

பிறகு அதே பெண்களுக்குத்தான் தலைவலியும் ஆஸ்துமாவும் தோல் வெடிப்பும் வந்தன. அதே சமூகத்தின் பெண்களும் சேர்ந்துதான் கலிபோர்னியாவில் பாதுகாப்பான பொருள் கேட்டு அமைப்பாகத் திரண்டார்கள். 2010 இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், மேலே சொன்ன மூன்று பொருள்களும் இல்லாத பூச்சைப் பாவித்து, காற்றோட்டம் வைத்திருக்கும் கடைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

எங்களிடமும் போருக்குப் பின் தையலோடு சேர்த்து அழகுக்கலையைத்தான் பல பெண்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். நானும் அப்படி வந்தவள். ஆறு மாதப் பயிற்சியில் எப்படிப் பூசுவது என்று சொன்னார்கள். எதைச் சுவாசிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே இந்தத் தொழிலில் உள்ள தங்கச்சிமாருக்கு: இந்த ஆவிகள் காற்றைவிடப் பாரமானவை, மேசை மட்டத்தில்தான் தங்கும். கூரை விசிறி அவற்றைச் சுழற்றிவிடுமே தவிர வெளியேற்றாது. மேசையை யன்னலோரம் போட்டு, சின்ன விசிறி ஒன்றை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். சாதாரண துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் நகத் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. துடைத்த பஞ்சை மூடியுள்ள வாளிக்குள் போடுங்கள். ஜெல் தொடும்போது நைத்திரைல் கையுறை போடுங்கள், மெல்லிய லேற்றெக்ஸ் கையுறைக்குள் அக்ரிலேற்று நிமிடக்கணக்கில் புகுந்துவிடும். நைத்திரைலையும் ஜெல் பட்டவுடன் மாற்ற வேண்டும். சாப்பாட்டுப் பெட்டி அந்த அறைக்குள் இருக்கக்கூடாது.

நகத்தில் எழுதியிருப்பது

2009 ஆவணியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். ஒருநாள் தண்ணீர் வரிசையில் நின்றபோதுதான் என் கைகளைக் கவனித்தேன். பத்து விரல் நகங்களிலும், ஏறத்தாழ நடுப்பகுதியில், குறுக்கே ஒரு பள்ளம். கோடு கீறியது போல. பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் அப்படியே இருந்தது. தண்ணீரில் ஏதோ பிழை என்று கதைத்தோம்.

அதற்குப் பெயர் உண்டு என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 1846 இல் பிரான்ஸ் வைத்தியர் போ என்பவர் விவரித்ததால் ‘போவின் கோடுகள்’ என்கிறார்கள். கடும் காய்ச்சல், பட்டினி, பெரும் நோய் வரும்போது உடல் நகத்தை வளர்ப்பதைச் சிறிது காலம் நிறுத்திவிடுகிறது அல்லது குறைத்துவிடுகிறது. பிறகு மீண்டும் வளரும்போது அந்த இடைவெளி பள்ளமாக மேலேறி வருகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். நகத்தின் வேர் தோலுக்குள் இருப்பதால் முதல் சில வாரங்கள் பள்ளம் வெளியே தெரியாது. ஆவணியில் நடு நகத்தில் இருந்தால் அது தொடங்கியது எப்போது என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். நான் பார்த்தேன். வைகாசி.

கார்த்திகை அளவில் அந்தக் கோடு நுனிக்கு வந்தது. வெட்டி எறிந்தேன்.

இதனால்தான் வருடம் முழுக்க இடைவிடாமல் நகத்தை மூடி வைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். ‘நகம் மூச்சு விட வேண்டும்’ என்று சிலர் சொல்வது சரியல்ல. நகம் சுவாசிப்பதில்லை. ஆனால் பூச்சுக்குக் கீழே நடப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். எப்போதும் அப்படித்தான் என்றில்லை, தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஓயாமல் ஊறும் கைகளுக்கும் வரலாம், ஆனால் இரத்தம் சோதிப்பது சின்ன வேலை. வெள்ளைப் புள்ளிகளைக் கல்சியக் குறைவு என்பார்கள். பெரும்பாலும் அவை நக வேரில் பட்ட சிறு அடிகளின் தடம், வளர்ந்து போய்விடும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டு வந்தாலோ, கருமை நகத்தடித் தோலுக்கும் பரவினாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கள் நிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது சாதாரணம். ஆனால் அரிதாக இது தோல் புற்றுநோயாகவும் இருக்கும்.

அன்றாடம்

நகத்தின் பெரிய எதிரி பூச்சு அல்ல, தண்ணீர். நனைந்தால் நகம் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நாளுக்கு இருபது முறை இது நடந்தால் படைபடையாகப் பிரியும். நண்டு பதனிடும் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தால் தெரியும். கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டால் வியர்வை ஊறாது. வேலை முடிந்து கையைத் துடைத்து, படுக்க முன் நகத்தடியில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. வெளிநாட்டு நக எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நகத்தடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கியூடெக்ஸ் என்று நாங்கள் எல்லாப் பூச்சையும் அழைக்கிறோமே, அந்தக் கொம்பனி நூறு வருடங்களுக்கு முன் முதலில் விற்றதே அந்தத் தோலை அகற்றும் மருந்தைத்தான். ஆனால் அது நக வேருக்குள் கிருமியும் தண்ணீரும் போகாமல் அடைக்கும் கதவு. அதை வெட்டினால் வருவதுதான் நகச்சுற்று. விரலில் தேசிக்காயைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் முனகுவது எங்கள் ஊர் வைத்தியம். ஆரம்பத்தில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். சீழ் கட்டிவிட்டால் தேசிக்காய் உதவாது, வைத்தியசாலையில் கீறி எடுக்க வேண்டும்.

பூசும்போது முதலில் நிறமில்லாத அடிப்பூச்சு. மஞ்சள் கறை பிடிக்காது. பிறகு மெல்லியதாக இரண்டு தரம். தடிப்பாக ஒருதரம் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். தோலில் படாமல் ஒரு மயிரிழை விடுங்கள். அகற்ற அசெற்றோன் விரைவாக வேலை செய்யும், நகத்தையும் தோலையும் விரைவாக உலர்த்தும். சாதாரண பூச்சுக்கு எதைல் அசெற்றேற்று உள்ள நீக்கியே போதும். எதுவானாலும் கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பஞ்சை நகத்தின்மேல் பத்து எண்ணும்வரை வைத்துப் பிறகு ஒரே இழுப்பில் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று கிழமை பூசினால் ஒரு கிழமை விடுங்கள்.

காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சலரோகம் உள்ளவர்களுக்கும், ஒரு காலை இழந்தவர்களுக்கும் கால் நகம் அழகு விடயமே அல்ல. மிச்சமிருக்கும் ஒரு கால்தான் முழு உடலையும் சுமக்கிறது. அதில் ஒரு நகம் ஓரத்தில் சதைக்குள் வளர்ந்து புண்ணானால் மனிதர் படுத்துவிடுவார். நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். குளித்த பிறகு நகம் இளகியிருக்கும்போது வெட்டுவது இலகு. கால் மரத்திருப்பவர்கள் தாங்களே வெட்டாமல் பார்வை நன்றாக உள்ள ஒருவரைக் கொண்டு வெட்டுவியுங்கள். தடித்து மஞ்சளாகிப் பொடியும் பெருவிரல் நகம் பெரும்பாலும் பூஞ்சணம். மேலே பூச்சுப் பூசி மறைத்தால் அது நிம்மதியாக வளரும். கால் நகம் முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும் என்பதால் வைத்தியமும் பொறுமை கேட்கும். என் கடையில் ஒவ்வொருவருக்கும் கருவிகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பிறகு மருந்துத் திரவத்தில் ஊறவைக்கிறேன். நக அரம் ஆளுக்கொன்று, பிறகு அவரே கொண்டுபோகலாம். உங்கள் கடையிலும் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு அன்று பிளந்த நகத்தின் ஓரத்தை மெதுவாக அராவி, துணியில் கொளுவாதபடி செய்தேன். வேரில் பட்ட காயம் என்பதால் அது இனி ஒன்றாக வளராது. அதை மறைத்துச் சொல்லவில்லை. அடிப்பூச்சைப் பூசிய பின், அவர் கேட்ட ‘தெரியாத’ நிறங்களையும், பக்கத்தில் மங்கலான செங்கல் நிறம் ஒன்றையும் வைத்தேன். கன நேரம் பார்த்துவிட்டு, செங்கல் நிறத்தைக் காட்டினார். “மகள்தான் போடச் சொன்னவள்” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் இரத்தம் சோதிக்கச் சொல்லி அனுப்பினேன். இரத்தச் சோகை இருந்தது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தாராம், தேயிலை இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்று கிளினிக்கில் பேசியிருக்கிறார்கள். இப்போது தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கிறார். தேசிக்காய்க்கு அதுதான் சரியான வேலை. தை மாதம் வந்தபோது நகங்களின் அடிப்பாதி நேராகியிருந்தது.

இன்னொன்று. சத்திரசிகிச்சைக்கோ, மயக்க மருந்து கொடுக்கும் பரிசோதனைக்கோ போகிறவர்கள் கைகால் நகப்பூச்சை முதல்நாளே அகற்றிவிடுங்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியைக் கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்கள் குழப்பக்கூடும். நகம் நீலம்பாய்கிறதா என்று வைத்தியரும் பார்க்க வேண்டியிருக்கும். ஜெல் என்றால் வைத்தியசாலையில் அகற்ற வசதி இருக்காது. கிளிநொச்சியில் இருப்பவர்கள் என் கடைக்கு வாருங்கள், வைத்தியசாலைத் துண்டைக் காட்டினால் அதற்கு நான் காசு வாங்குவதில்லை.